நட்சத்திரக் காற்றைப் புற ஊதாவில் படித்தல்

பெங்களூரு நேயர்களுக்கு வணக்கம். மாலை மழையில் நனைந்த குடையைச் சுழற்றினால் அதன் விளிம்பிலிருந்து நீர் நாற்புறமும் தெறிக்கிறது. வேகமாகச் சுழலும் சூடான நட்சத்திரங்களும் இவ்வாறே தம் பொருளை இழக்கின்றன என்று 1931ஆம் ஆண்டில் வானியலாளர் ஓட்டோ ஸ்ட்ரூவ் கருதினார். அது பாதி சரி.

டிசம்பர் மாலைகளில் நம் நகரின் தென் வானில் தாழ்வாகத் தெரியும் அகர்னார் என்ற நட்சத்திரத்தின் நடுக்கோடு விநாடிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது, சூரியனுக்கு அது 2 கி.மீ. மட்டுமே. அகர்னாரின் நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட மூன்றிலொரு பங்கு பெரிதாகும் அளவுக்கு அது தட்டையாகிவிட்டது. எனினும், பொருளை வெளியே எறிய அந்த வேகம் மட்டும் போதாது. நட்சத்திரத்தின் துடிப்புகள் குறையை நிரப்புகின்றன என்பது பலரும் ஏற்கும் விளக்கம். இவ்வாறு வெளியேறும் வாயு நடுக்கோட்டைச் சுற்றித் தட்டாகப் பரவுகிறது. ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்கோட்டில் இத்தகைய தட்டுகளைத் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்திலிருந்தே பார்க்கலாம்.

ஆனால் இந்நட்சத்திரங்கள் வேறொரு வழியிலும் பொருளை இழக்கின்றன. அவற்றின் ஒளியே வாயுவை உந்தித் தள்ளும் காற்று அது. அதைக் காட்டும் கார்பன், சிலிக்கான் அயனிகளின் (எலக்ட்ரான்களை இழந்த அணுக்களின்) வலுவான கோடுகள் புற ஊதாவில் இருப்பதாலும், நம் வளிமண்டலம் அந்த ஒளியை மறித்துவிடுவதாலும் விண்ணுக்குச் சென்றே அவற்றைப் பதிய வேண்டியிருக்கிறது. சூடான நட்சத்திரங்களின் இக்காற்றை, 1965இல் ஏவிய ராக்கெட்டில் ஓரியன் இடுப்புப்பட்டையின் நட்சத்திரங்களைப் பதிந்து வானியலாளர் டொனால்ட் மார்ட்டன் கண்டார்.

நிறமாலையில் அது தோன்றும் விதத்தைச் சொல்ல வேண்டும். மூன்று எலக்ட்ரான்களை இழந்த கார்பனின் ஓர் இருண்ட கோடு 1548 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இருக்கும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). காற்று வீசும் நட்சத்திரத்திலோ அந்த இருள் குறுகிய அலைநீளப் பக்கமாகச் சரிந்து நீள்கிறது. நம்மை நோக்கி வரும் வாயுவின் அடையாளம் அது. 5 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்திருந்தால் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1000 கி.மீ. மாணவப் பருவத்தில் அந்தச் சரிவின் விளிம்பில் அளவுகோலை வைத்து இக்கணக்கை நானே போட்டபோது, விடையை நம்பாமல் இரண்டு முறை சரிபார்த்தேன்.

1978 முதல் 1996 வரை இயங்கிய சர்வதேசப் புற ஊதா ஆய்வுக்கோள், இக்கோடுகளின் வலிமை ஒரே நட்சத்திரத்தில்கூடக் காலத்தோடு மாறுவதைக் காட்டியது. ஆகவே ஒரே ஒரு பதிவைக்கொண்டு இழப்பின் அளவைக் கணக்கிடுவதை நான் ஏற்பதில்லை.

கோரமங்கலாவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையில் உருவாகி, 2015இல் அஸ்ட்ரோசாட் என்ற இந்திய வானியல் செயற்கைக்கோளில் ஏறிய புற ஊதாத் தொலைநோக்கி கூர்மையான படங்களைத் தந்தது. ஆயினும் அருகருகே உள்ள அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் அதன் நிறமாலைப் பிரிதிறனில் 5 ஆங்ஸ்ட்ராம் நகர்வு கரைந்துவிடும். நுண்ணிய நிறமாலைமானி ஒன்றை நாம் விண்ணில் ஏற்றினால், தட்டைக் காவலூரிலிருந்தும் காற்றை விண்ணிலிருந்தும் ஒரே இரவில் அளக்கலாம்.