சீட்டும் சாட்சியும்: அமெரிக்காவின் சீனர் விலக்குச் சட்டங்கள்

அவையோருக்கு வணக்கம்.

1882 மே 6ஆம் தேதி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்ட சட்டம், சீனக் கூலித் தொழிலாளர் பத்தாண்டுகளுக்கு நாட்டுக்குள் வரக்கூடாது என்றது. வணிகர், ஆசிரியர், மாணவர், பயணி ஆகியோருக்கு இந்தத் தடை இல்லை. பெண்களின் வழியை 1875ஆம் ஆண்டின் பேஜ் சட்டம் ஏற்கெனவே பெருமளவு அடைத்துவிட்டது. இவை பலருக்கும் தெரிந்தவை. இந்தச் சட்டம் அன்றாடம் எப்படி வேலை செய்தது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். சுருங்கச் சொன்னால், எல்லாமே ஒரு சீட்டைப் பொறுத்திருந்தது. அந்தச் சீட்டை மெய்ப்பிக்கும் பாரம் முழுவதும் சீனர் தலையில் விழுந்தது.

சே சான் பிங் என்ற தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்தவர். 1887இல் சொந்த ஊருக்குப் புறப்பட்டபோது, திரும்பி வருவதற்கான சான்றிதழை முறைப்படி வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு திரும்பி வரும் வழியில், அவர் நடுக்கடலில் இருந்தபோது, அக்டோபர் 1ஆம் தேதி ஸ்காட் சட்டம் வந்தது. வெளிநாட்டில் இருந்த ஏறத்தாழ 20,000 பேரின் சான்றிதழ்கள் ஒரே நாளில் செல்லாதவை ஆயின. ஒரு வாரம் கழித்துத் துறைமுகத்தில் சான்றிதழை நீட்டியவரை இறங்க விடவில்லை. யாரை உள்ளே விடுவது என்பது நாடாளுமன்றத்தின் விருப்பம் என்று 1889இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. அரசே கொடுத்த வாக்குறுதியை அரசே கிழித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்து 1892இன் கியரி சட்டம், உள்ளே இருப்பவர்கள் மேல் பாய்ந்தது. சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் கைது, நாடு கடத்தல். உரிய காலத்தில் வாங்க முடியாமல் போனதற்குத் தக்க காரணம் இருந்தாலும், சட்டம் வந்த நாளில் அங்கே குடியிருந்ததற்கு நம்பத்தகுந்த வெள்ளையர் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டும். உடன் வாழ்ந்த சீனர் ஆயிரம் பேர் சொன்னாலும் எடுபடாது. சீனர் சங்கங்கள் பதிவு செய்ய வேண்டாம் என்று அறைகூவல் விடுத்தன, பெரும்பாலோர் பதியவில்லை. நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது. 1893 இறுதியில் பதிவுக்கான கெடுவை ஆறு மாதம் நீட்டினார்கள். கூடவே சான்றிதழில் புகைப்படமும் கட்டாயமானது.

இனி, இத்தகைய சட்டம் என்ன விளைவிக்கும் என்று பாருங்கள். 1898இல் வோங் கிம் ஆர்க் வழக்கில், அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகனே என்று தீர்ப்பானது. 1906 ஏப்ரலில் நிலநடுக்கமும் தீயும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகளை அழித்தன. இங்கேதான் பிறந்தேன் என்றால் மறுக்க ஏடு இல்லை. அப்படிக் குடிமகனானவர் சீனா போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு மகன் பிறந்ததாகப் பதிவு செய்வார். அந்த இடம் பின்னாளில் வேறொரு பையனுக்கு விற்கப்படும். காகித மகன்கள் உருவானது இப்படித்தான்.

இதைப் பிடிக்க, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1910இல் திறந்த ஏஞ்சல் தீவு குடிவரவு நிலையத்தில் விசாரணை நடந்தது. உங்கள் வீடு ஊரில் எத்தனையாவது வரிசை? அரிசிப் பானை எந்த மூலையில்? வாசலுக்கு எத்தனை படி? தந்தையிடமும் சாட்சிகளிடமும் தனித்தனியே இதையே கேட்டு, சுருக்கெழுத்தில் எடுத்து, ஒப்பிட்டார்கள். பையன்கள் விடைச் சுவடிகளைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்து கடலில் எறிந்துவிடுவார்கள். இதில் கொடுமை என்னவென்றால், உண்மையான மகனும் தப்ப முடியாது. பத்து வருடம் ஊர்ப்பக்கம் போகாத தகப்பன் ஒரு படியைக் கூடச் சொன்னால், பெற்ற பிள்ளையே பொய்யனாகிவிடுவான். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகளை இன்றும் அங்கே படிக்கலாம்.

பத்தாண்டுக்கு என்று தொடங்கி நீண்டுகொண்டே போன விலக்குச் சட்டங்கள், சீனா போரில் கூட்டாளியான பிறகு, 1943இல் நீங்கின. ஒதுக்கீடு ஆண்டுக்கு 105 பேர். எந்த நாட்டில் பிறந்த சீனரும் இதற்குள்ளேதான். ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து யாரும் குடியேறக்கூடாது என்ற 1917இன் தடை வளையத்தில் சிக்கியிருந்த இந்தியர்களுக்கு, தமிழர் உட்பட, 1946இல் கிடைத்ததோ 100 இடம். 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம்தான் இந்தக் கணக்கை மாற்றியது.

1956இல் பொய்ப்பெயரை ஒப்புக்கொள்ளும் திட்டம் ஒன்றை அரசு கொண்டுவந்தது. 13,000க்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். ஒருவர் வாய் திறந்தால் அவரது காகிதத் தந்தை, காகித அண்ணன் தம்பி, அவர்கள் பிள்ளைகள் என எல்லாருடைய குடியுரிமையும் கேள்விக்குள்ளாகும். அதனால் ஒரே குடும்பத்தில் சிலர் உண்மைப் பெயருக்குத் திரும்ப, சிலர் விலைக்கு வாங்கிய பெயரிலேயே வாழ்ந்து முடித்தார்கள்.