தூபி சீனாவுக்குப் போன கதை

[திரையில்: தூரிகை ஒரு சீன எழுத்தை எழுதுகிறது]

இடப்பக்கம் இருப்பது 'மண்' என்ற குறி. வலப்பக்கத்துக்குப் பொருள் தேட வேண்டாம். அது ஓசைக்காக வைத்தது. இரண்டும் சேர்ந்தால் 'தா', அதாவது கோபுரம்.

கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த புகழ்பெற்ற சீன அகராதியில் இந்த எழுத்தே கிடையாது. 986இல் அதைத் திருத்திப் பதிப்பித்தவர்கள் புதிதாகச் சேர்த்த எழுத்துகளில்தான் இது வருகிறது. காரணம், சொல்லே இறக்குமதி. சமஸ்கிருதத்தில் ஸ்தூப, பாலியில் தூப, நமக்குத் தூபி. பௌத்தத்தோடு போன அந்தச் சொல்லைச் சீனர்கள் 'தாப்' என்று சுருக்கி, அதற்கென்றே ஓர் எழுத்தையும் படைத்தார்கள்.

[திரையில்: கிழக்காசிய வரைபடம்]

அந்த ஈற்று 'ப்' என்ன ஆனது? பெய்ஜிங்கில் தேய்ந்து மறைந்துவிட்டது. ஹாங்காங்கில் இன்னும் 'தாப்'. கொரியாவில் 'தப்'. வியட்நாமியர் லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டாலும் 'தாப்' என்றே சொல்கிறார்கள். முன்பு நடு வியட்நாமை ஆண்ட சாம் இன அரசர்கள் எழுப்பிய சிவன் கோயில்களும் அங்கே 'தாப்'தான். ஜப்பானியர் வாயில் அது தபு, தஃபு, தவு என்று உருண்டு 'தோ' ஆகிவிட்டது.

ஆனால் ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கல்லுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலாக மெல்லிய மரப்பலகைகள் நிற்கும். மேல்முனையின் இருபுறமும் தூபியின் வடிவம் தெரியும்படி வெட்டியிருப்பார்கள். மையால் இந்திய எழுத்துகளும் எழுதியிருக்கும். பெயர் 'சொதோபா', ஸ்தூப என்பதன் முழு உருவம். மூன்றெழுத்தில் எழுதும் அந்தப் பெயரின் நடுவெழுத்து, தொடக்கத்தில் பார்த்த அதே சீன எழுத்து.

புனிதம் எல்லாம் பிறகு கரைந்துவிட்டது. சீனாவில் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக்கும் இதே எழுத்து. பாரிஸின் ஈஃபெல் கோபுரத்தை இந்த நான்கு நாட்டவரும் இந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். புத்தரின் அஸ்திமேல் எழுந்த மண்மேடு எங்கே, 300 மீட்டர் இரும்பு எங்கே!

[திரையில்: நாகப்பட்டினக் கடற்கரை]

14ஆம் நூற்றாண்டில் சீனக் கடலோடி வாங் தாயுவான் தம் பயண நூலில் 'து தா', அதாவது மண் தூபி, என்றோர் இடத்தைக் குறிக்கிறார். சமவெளியில் செங்கல் கோபுரம். 1267இல் வேலை முடிந்ததாகச் சீன எழுத்தில் ஒரு பொறிப்பு. அந்த இடம் நாகப்பட்டினம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அவ்வூரில் சீனக் கோபுரம் என்றே பெயர்பெற்ற ஒரு கட்டடத்தை 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்ட்டர் எலியட் பார்த்தபோது மூன்று நிலைகள் மிஞ்சியிருந்தன. 1867இல் அவற்றையும் இடித்துவிட்டார்கள்.