புதையுண்டவை பிழைத்தன: பழங்குடியிருப்புகளும் கட்டடங்களும் அழியும் விதம்

(காட்சி: கடலோர மணல்மேடு, அதனடியில் கல்வீடுகள்)

1850ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளைத் தாக்கிய புயல், கடற்கரை மணல்மேடு ஒன்றை வாரிச் சென்றபோது, அதனடியில் கல்வீடுகள் தெரிந்தன. ஸ்காரா பிரே எனப்படும் அக்குடியிருப்பு ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் பழமையானது. மரம் அரிதான தீவு என்பதால், அங்கு வாழ்ந்தோர் கட்டிலையும் அலமாரியையும்கூடக் கற்பலகைகளால் அமைத்திருந்தனர்; மணல் காத்தமையால் அவை இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன. மரத்தாலும் நாணலாலும் கட்டப்பட்ட ஊர்களுக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிட்டவில்லை. தூண் நட்ட குழிகளின் நிறம் மாறிய மண்ணே பல இடங்களில் அவற்றின் ஒரே சுவடு.

(காட்சி: செங்கல் மேடு, தண்டவாளம்)

புயல் ஓர் ஊரை வெளிக்காட்டிய அதே 1850களில், லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே ரயில் பாதை அமைத்தவர்கள் ஹரப்பாவின் மேடுகளிலிருந்து செங்கற்களைப் பெயர்த்தெடுத்து, தண்டவாளத்தின் அடியில் ஜல்லிக்கு மாற்றாகக் கொட்டினர். நாலாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் உறுதி குறையாத அளவுக்கு நன்றாகச் சுடப்பட்டிருந்ததே அச்செங்கற்களுக்கு வினையாயிற்று. சிந்துவெளி நாகரிகத்தின் கண்டுபிடிப்பை இந்தியத் தொல்லியல் துறையின் தலைவர் ஜான் மார்ஷல் 1924இல் உலகுக்கு அறிவித்தபோது, அந்நகரின் பெரும்பகுதி ஏற்கெனவே சிதைந்திருந்தது. அச்செயலை அறியாமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட இயலாது. அருகில் ஆயத்தமாகக் கிடக்கும் கல்லையும் செங்கல்லையும் எடுத்துக்கொள்வது எல்லாக் காலத்துக் கட்டுநர்களின் வழக்கமாகவும் இருந்திருக்கிறது. ரோமின் கொலோசியம் நூற்றாண்டுக் கணக்கில் கற்சுரங்கமாகவே பயன்பட்டது. அதே நகரின் பழங்கோயிலான பாந்தியன், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவாலயமாக மாற்றப்பட்டு, வழிபாடு தொடர்ந்து நடைபெற்றமையால் கூரையோடு தப்பியது.

ஆனால் பயன்பாடும் எப்போதும் காவலாக அமைவதில்லை. ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலாகவும் தேவாலயமாகவும் மசூதியாகவும் இருந்து இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்த பின்னர், வெடிமருந்துக் கிடங்காக்கப்பட்ட நிலையில், 1687இல் வெனிஸ் படையின் குண்டு பட்டு வெடித்துச் சிதறியது.

(காட்சி: வெண்மை படர்ந்த செங்கற்சுவர்)

அகழ்ந்தெடுப்பதாலேயே ஓர் இடம் காப்பாற்றப்பட்டுவிடுவதில்லை என்பதற்கு மொகஞ்சதாரோவின் சுவர்கள் சான்று. உப்பு கலந்த நிலத்தடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் படிகமாகித் தங்கி, துளைகளை உள்ளிருந்து நெருக்கிச் செங்கல்லின் மேற்பரப்பைப் பொடியாக உதிர்க்கிறது. மண்ணுக்குள் இருந்தவரை காற்றும் வெயிலும் படாமையால் இந்த உதிர்வு மிக மெதுவாகவே நிகழ்ந்தது.

ஆகவேதான் தொல்லியலாளர்கள், அளந்து, வரைந்து, படமெடுத்து முடித்த குழிகளைப் பல இடங்களில் மீண்டும் மண்ணிட்டு மூடிவிடுகின்றனர். காண வருவோருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். எனினும், இதைவிட நம்பகமான காப்பு முறைகள் மிகச் சிலவே. 1587இல் லண்டனில் கட்டப்பட்ட ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் 1989இல் வெளிப்பட்டபோது, அதன்மேல் எழவிருந்த அலுவலகக் கட்டடத்தின் வடிவமைப்பை மாற்றி, எச்சங்களை மணலாலும் நீராலும் மூடி, ஈரம் உலராதவாறு கட்டடத்தின் அடியிலேயே வைத்தனர்.