முதலில் தேதியைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. லேப்டாப்பில் சார்ஜ் நிற்கவில்லை, நேரம் தப்பாகக் காட்டுகிறது, இந்த இரண்டு தொல்லைகளைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் நேரத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

பெரும்பாலான பழைய லேப்டாப்புகளில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று நாம் தினமும் சார்ஜ் போடுகிற பெரியது. இன்னொன்று உள்ளே ஒளிந்திருக்கிற, எட்டணா நாணயம் போன்ற சின்ன வட்டம். லேப்டாப்பை அணைத்து பைக்குள் வைத்த பிறகும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிர்கிற ஒரு குவார்ட்ஸ் துண்டுதான் அதன் உயிர், அந்தத் துண்டுக்குச் சோறு போடுவது இந்த 3 வோல்ட் வட்ட பேட்டரி.

அது தீர்ந்துபோனால் என்ன ஆகும்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு அப்பாவும் மகளும் நான் லேப்டாப் பழுது பார்க்கிற கடைக்கு வந்தார்கள். அரசு 2011-ல் கொடுக்க ஆரம்பித்ததே, அந்த விலையில்லா லேப்டாப் ஒன்று. "அண்ணா, எந்த வெப்சைட்டும் திறக்க மாட்டேங்குது, ஸ்காலர்ஷிப்புக்கு நாளைக்குக் கடைசி நாள்" என்றது அந்தப் பெண். வீட்டில் நெட் கனெக்‌ஷனையே மாற்றிப் பார்த்துவிட்டார்கள். யாரோ வைரஸ் என்று சொல்லி ஃபார்மேட் வேறு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், குடும்பப் படங்கள் எல்லாம் போய்விட்டன. எனக்கு வயிறு எரிந்தது. திரையின் வலது ஓரம், கீழே, 2012 ஜனவரி 1 என்று இருந்தது. வட்ட பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம்.

ஒவ்வொரு பாதுகாப்பான வெப்சைட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று. லேப்டாப் தன்னை 2012-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று கதவைச் சாத்திவிடுகிறது. தேதியைக் கையால் மாற்றியதும் அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்துவிட்டது. நெட் இருந்தால் தானாகச் சரியாகாதா என்று கேட்பீர்கள். வருடக்கணக்கில் பின்தங்கிவிட்டால் பல சமயம் விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ளாது, முதலில் நாம்தான் கை வைக்க வேண்டும்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், நெட் வரவில்லையா, முதலில் தேதியைப் பாருங்கள். ஃபார்மேட்டுக்கு முன்னால் தேதி.

சரி, நேரம் தப்பினால் எல்லாமே பேட்டரி கோளாறா? இல்லை. எவ்வளவு தப்பியிருக்கிறது என்று பாருங்கள். வருடமே பின்னால் போயிருந்தால் வட்ட பேட்டரி மேல்தான் சந்தேகம். சரியாக அஞ்சரை மணி நேரம் வித்தியாசம் என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். ஒன்று, நேர மண்டலம் மாறியிருக்கும். அல்லது ஒரே லேப்டாப்பில் விண்டோஸும், லினக்ஸ் என்கிற இன்னொரு இயங்குதளமும் இருக்கும்: லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று படித்துவிடும். லினக்ஸை உள்ளூர் நேரம் எழுதச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

வட்ட பேட்டரிதானா என்று உறுதி செய்ய, நேரத்தைச் சரியாக வைத்து, லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, முடிந்தால் பெரிய பேட்டரியையும் எடுத்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் நெட் இல்லாமல் திறந்து பாருங்கள், நேரம் மறுபடி பின்னால் போயிருந்தால் வட்ட பேட்டரிதான். கடையில் சி.ஆர். 2032 என்று கேளுங்கள், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதுதான் அந்த எண். ஆனால் பல லேப்டாப்பில் அது உறை போட்டு இரண்டு வயரோடு வரும், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. புதிய மாடல்கள் சிலவற்றில் இந்த வட்டமே கிடையாது, பெரிய பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டுகிறது. அதில் பெரியது செத்தால் நேரமும் போகும். இன்னொன்று, விண்டோஸின் பிட்லாக்கர் என்கிற பூட்டால் டிஸ்கைப் பூட்டி வைத்திருப்பவர்கள், பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தப் பூட்டைத் திறக்கும் மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்டாலும் கேட்கும். இந்த வட்டத்தைச் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மேஜை மேல் போட்டு வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பெரிய பேட்டரியைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற, கட்டளை அடிக்கும் திரையைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு இடம் விட்டு, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று அடித்தால் ஒரு அறிக்கை வரும். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுக்க ஏற்றினால் எவ்வளவு, இரண்டும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே என்றால் மாற்றிவிடலாம். எப்போதும் சொருகியே வைத்திருப்பவர்கள், 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், அணைத்துவிட்டு நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். நன்றி, வணக்கம்.