லெச்சி மரத்து வௌவால்
(மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில், கோயில் மண்டபத்தில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

நவம்பர் பிறந்தால் நம் வீடுகளில் ஒரே பேச்சு: லெச்சி (லிச்சிப் பழம்) பழுத்தாச்சு, சோவ்சூரி, அதான் வௌவால், வந்தாச்சு. எங்கள் அப்பா இரவெல்லாம் தகரம் தட்டியவர். விடிந்து பார்த்தால் மரத்தடியெங்கும் கடித்துத் துப்பிய சக்கைதான். அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். தோட்டக்காரர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்த வௌவால் யார் என்று பார்ப்போம். பெரிய பழங்களை விழுங்கி விதை பரப்ப இந்தத் தீவில் முன்பு டோடோப் பறவை இருந்தது, ராட்சத ஆமைகள் இருந்தன. 1598இல் டச்சுக்காரர் வந்து இறங்கி நூறு வருஷத்துக்குள் டோடோ போயிற்று. பிறகு ஆமைகளும் போயின. இந்த வௌவாலுக்கு உறவான இன்னொரு சிறிய வௌவாலும் 19ஆம் நூற்றாண்டில் அழிந்தது. பெரிய விதைகளைத் தூக்கிக்கொண்டு காடு விட்டுக் காடு பறக்க மிஞ்சியது இது ஒன்றுதான். அதுவும் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும்.

அதைத்தான் 2015லும் 2016லும் சேர்த்து 38 ஆயிரத்துக்கும் மேல் சுட்டுத் தள்ளினோம். சரி, பழமாவது கூடியதா? இல்லை. தோட்டக்காரர்களின் வருமானம் கூடவில்லை என்று நம் நாட்டு ஆய்வாளர் வின்சென்ட் ஃப்ளோரான்ஸ் போன்றவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2018இல் இந்த வௌவால் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் ஏறியது.

அது ஏன் வீட்டு மரத்துக்கு வருகிறது? காட்டில் சாப்பாடு இல்லை, அதனால்தான். நல்ல நிலையிலுள்ள, இந்த மண்ணுக்கே உரிய காடு 2 சதவீதம்கூட இல்லை. அந்தக் கொஞ்சத்திலும் சைனா கொய்யா புகுந்து முளைக்கும் கன்றுகளை அமுக்குகிறது. பிளேன் ஷாம்பாஞ் காட்டுப் பக்கம் போய் அதைப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டு எவ்வளவு ஆசையாகத் தின்கிறோம்! நானும்தான். அந்தக் கொய்யாவை வெட்டிக் களைந்த இடங்களில் இந்த மண்ணின் மரங்கள் மறுபடி அதிகமாகக் காய்க்கின்றன. வௌவாலுக்குக் காட்டிலேயே சோறு கிடைக்க அதுதான் வழி.

நம்மால் முடியாததில்லை. இதே மண்ணின் வல்லூறு 1974இல் காட்டில் நாலே நாலு என்றிருந்தது. கூடு பார்த்து, முட்டை எடுத்து, குஞ்சு வளர்த்து, நூற்றுக்கணக்கில் பெருக்கிக் காட்டினார்கள்.

தமிழ்நாட்டில் சில ஊர்கள், மரத்து வௌவால் பயந்து போய்விடும் என்று, தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அங்கிருந்துதான் நம் முன்னோர் கப்பலேறி இங்கே வந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்த வருஷம் எங்கள் மரத்துக்கு வலை போட்டேன். உச்சிக் கிளைக்கு ஏணி எட்டவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன். இருட்டியதும் இரண்டு பேர் வருகிறார்கள்.