கம்பி தெரிந்தால் தெரியட்டும்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, படம் பார்க்கச் சொன்னால் கம்பியைத் தேடிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

குறைந்த செலவில் எடுத்த பழைய மாயாஜால சாகசப் படங்களை, அதுவும் ரப்பர் அரக்கர்கள் வரும் படங்களை, இன்றைக்கும் திரும்பப் பார்க்க வைப்பது ரசனையா, பழைய நினைவா? இதுதான் தலைப்பு. ரசனைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் அவையைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: சின்ன வயதில் பார்த்துப் பயந்தோம், அந்த வயது திரும்பி வராது, அதனால் படத்தையாவது திரும்பப் பார்க்கிறோம், மற்றபடி அதில் சரக்கு ஒன்றும் இல்லை. கூடவே ஒரு பட்டியலும் வாசித்தார். அரக்கனைத் தொங்கவிட்ட கம்பி தெரிகிறதாம், முதுகில் தையல் தெரிகிறதாம், உள்ளே ஆள் இருப்பது தெரிகிறதாம். நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன்?

ஆனால் அண்ணே, உங்கள் கணக்கு ஓர் இடத்தில் இடிக்கிறது. 'தி லேண்ட் தட் டைம் ஃபர்காட்' என்று 1974இல் வந்த பிரிட்டிஷ் படம். கெவின் கானர் இயக்கியது. அந்தப் படத்தைச் சின்ன வயதில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு நாள் தூக்கம் வராமல்தான் முதல்முறை பார்த்தேன். அதற்கப்புறம் இரண்டு முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். என்னிடம் இல்லாத ஒரு நினைவுக்கு நான் எப்படி ஏங்க முடியும்? ஏங்கினால் மருத்துவரிடம் அல்லவா போக வேண்டும்?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போர். ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடிக்கிறது. தப்பியவர்கள் அதே நீர்மூழ்கியைக் கைப்பற்றுகிறார்கள். வழி தவறி, எரிபொருள் தீர்ந்துபோகும் நிலையில், டைனோசர்கள் உயிரோடு இருக்கும் ஒரு நிலத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஊர் போய்ச் சேர வேண்டுமானால் அங்கே கிடைக்கும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தாக வேண்டும். நேற்று வரை ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தவர்கள் இன்று ஒன்றாக நின்று எண்ணெய் காய்ச்ச வேண்டும்! இந்தக் கதைக்கு ரப்பர் ஒரு குறையா?

சரி, அந்தப் படத்தில் வரும் பறக்கும் பல்லிக்கு வருகிறேன். அண்ணன் அதைச் சொல்லித்தானே அதிகம் சிரிக்க வைத்தார்? உண்மைதான், அதன் இறக்கை அசையாது. விரித்தது விரித்தபடி, கொடியில் காயப்போட்ட போர்வை காற்றில் நகர்ந்து வருவதுபோல வரும். இவர்களுக்கு வழிகாட்டியாகச் சேர்ந்துகொண்ட ஆதிமனிதன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய்விடும். முதல்முறை பார்த்தபோது எனக்கும் இறக்கை மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம்முறை அந்த ஆளைப் பார்த்தேன். அதுவரை இவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவன், ஒரு நொடியில் இல்லை. படம் அவனுக்காக நின்று அழக்கூட நேரம் ஒதுக்கவில்லை. மூன்றாம்முறை, இறக்கை அசையாமல் இருப்பதே எனக்கு உறுத்தியது. அசைந்தால் அது பறவை. அசையாமல் வந்து ஆளைத் தூக்குவது வேறு ஏதோ. மூன்று முறையும் ஒரே காட்சிதான். பழைய நினைவு என்றால் மூன்று முறையும் ஒரே மாதிரி அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அந்தப் படத்தின் டைனோசர்கள் பெரும்பாலும் கையை உள்ளே நுழைத்து ஆட்டும் பொம்மைகள். செய்தவர் ரோஜர் டிக்கன். நடுவர் அவர்களே, இந்தப் பெயரைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1979இல், 'ஏலியன்' என்ற விண்வெளித் திகில் படம் வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒருவன் துடிக்கிறான், அவன் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஒரு குட்டி எட்டிப் பார்க்கிறது. அந்தக் குட்டியை உருவாக்கியதில் பங்கு யாருக்கு? இதே டிக்கனுக்கு! அதுவும் கம்ப்யூட்டர் செய்தது இல்லை, மேசைக்கு அடியிலிருந்து ஆள் மேலே தள்ளிய பொம்மைதான். அதே கை, அதே தொழில். ஒன்றைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்னொன்றைப் பார்த்து அலறினார்கள். அப்படியானால் சிரிப்புக்குக் காரணம் ரப்பர் இல்லையே! வெளிச்சம், நேரம், பணம். வசதி உள்ளவர்கள் அரக்கனை இருட்டில் ஒளித்து வைத்துக் கொஞ்சமாகக் காட்டினார்கள். வசதி இல்லாதவர்கள், போஸ்டரில் போட்டுவிட்டோமே என்று பட்டப்பகலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏழைக்கு ஒளிக்க ஏது இடம்?

அடுத்து, உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது என்ற புகார். எதிரணித் தங்கையும் அதையே அழுத்திச் சொன்னார். தெரியட்டுமே அம்மா! யார் அந்த ஆள் என்று கேட்டீர்களா?

1954, ஜப்பான், 'காட்ஸில்லா', நகரத்தை மிதித்து அழிக்கும் ராட்சத மிருகத்தின் படம். அந்த நாட்டுக் கணக்கில் அது மலிவான படம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஃபிரேம் ஃபிரேமாகப் படம் பிடிக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் ஒருவரை ரப்பர் உடைக்குள் இறக்கினார்கள். அவர் ஹருவோ நகாஜிமா. முதலில் செய்த உடை நூறு கிலோவுக்குப் பக்கம். உள்ளே நின்று சில அடி எடுத்து வைப்பதே பெரும்பாடு. மேலே விளக்குச் சூடு, உள்ளே காற்றில்லை, கழற்றினால் வேர்வையைக் கோப்பையில் பிடிக்கலாம். அந்த மனிதர் இத்தனைக்கும் நடுவில் என்ன செய்தார் தெரியுமா? விலங்குக் காட்சிசாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படிக் கால் வைக்கின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு எப்படி நடக்கும் என்று கற்றுக்கொள்ள.

பிறகு கேமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டிப் படம் பிடித்தார்கள். அதைச் சாதாரண வேகத்தில் திரையிட்டால் அசைவு மெதுவாகும். மெதுவானால் கனம் கூடும். முழங்கால் உயரக் கட்டடம்கூட நிதானமாகச் சரியும்போது மாளிகையாகிவிடும். அந்த உறுமல் எந்த மிருகத்தின் தொண்டையிலிருந்தும் வந்ததில்லை. டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்திவிட்டு, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்தது. ஹிரோஷிமா நடந்து ஒன்பதே ஆண்டு. நகரம் எரிவதைக் கண்ணால் பார்த்தவர்கள் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தையல் தெரிந்திருக்குமா என்று தங்கையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அதே 1954இல் அமெரிக்காவில் 'க்ரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்'. தண்ணீருக்கடியில் அரக்கன் உடைக்குள் நீந்தியவர் ரிகோ பிரௌனிங். காற்று உருளையைக் கட்டிக்கொண்டால் குமிழி வந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டே நடித்தார். அரக்கனின் உருவத்தை வரைந்த மிலிசென்ட் பாட்ரிக்குக்குப் படத்தில் பெயர்கூடப் போடவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு திரும்பப் பார்க்கிறேனே, இதற்குப் பெயர் பழைய நினைவா?

மரத்தில் செய்த யானையைப் பற்றி நம்மில் ஒரு பேச்சு உண்டு. குழந்தைக்கு யானை தெரியும், மரம் தெரியாது. தச்சருக்கு மரம் தெரியும், யானை தெரியாது. ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். எதிரணி என்ன சொல்கிறது? நீ குழந்தையாக இருந்தபோது யானையைப் பார்த்தாய், இப்போது மரத்தைப் பார்க்கிறாய், யானையை நினைத்து ஏங்குகிறாய் என்கிறது. நான் சொல்கிறேன், இந்த ரப்பர் படங்களில் மட்டும் இரண்டும் ஒரே சமயத்தில் தெரிகின்றன. அரக்கன் வருகிறான், பயமாக இருக்கிறது. அதே நொடியில் அவன் முழங்காலில் ரப்பர் மடிகிறது, உள்ளே ஒருவர் மூச்சு வாங்குவதும் தெரிகிறது. புதிய படங்களில் யானை மட்டும்தான் உண்டு. மரத்தைத் தேடினாலும் கிடைக்காது.

இன்னொன்று. இந்த அரக்கர்களில் பலரைச் செய்த நுரை ரப்பர் என்பது ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து எடுப்பது. அதற்கு ஆயுள் குறைவு. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டுக் காய்ந்து, வெடித்து, பொடியாக உதிர்ந்துவிடும். அந்த அரக்கர்களில் பலர் இன்று எங்கேயும் இல்லை. படச்சுருளில் மட்டும்தான் முழு உடம்போடு நடமாடுகிறார்கள்.

'ரப்பருக்குப் பதில் நிஜப் பல்லியைப் பெரிதாகக் காட்டியிருக்கலாமே' என்றார் அண்ணன். காட்டினார்கள் அண்ணே! பணம் இருந்த பெரிய ஸ்டுடியோவே காட்டியது. 1959இல் வந்த 'ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்' படத்தில் உயிருள்ள இகுவானாக்களின் முதுகில் துடுப்பை ஒட்டி டைனோசர் ஆக்கினார்கள். அந்தப் பிராணி என்ன பாவம் செய்தது? ரப்பரால் கஷ்டப்பட்டது உள்ளே இருந்த மனிதர் ஒருவர்தான், அவரும் சம்பளம் வாங்கினார்.

பணம் இருந்தால் ரப்பர் அடங்கிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 1993இல் 'ஜுராசிக் பார்க்' மழைக் காட்சியில் அந்தப் பெரிய டி-ரெக்ஸ் டைனோசர் இயந்திர பொம்மையின் நுரைத் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், குளிரில் நடுங்குவதுபோல நடுங்கியது. துண்டை எடுத்து டைனோசருக்குத் தலை துவட்டிவிட்டார்கள்!

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பல படங்களில் நடுவில் அரை மணி நேரம் சும்மா நடந்துகொண்டே இருப்பார்கள். கதாநாயகிக்கு அலறுவதைத் தவிர வேலை இருக்காது. பூர்வகுடிகள் என்று காட்டுவதைப் பார்த்தால் எரிச்சல் வரும். சின்ன வயது நினைவு என்றால் இதெல்லாம் கண்ணில் படாது. எனக்குப் படுகிறது, பட்டும் பார்க்கிறேன். எதிரணி இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். ஒரே நிமிடம் ஐயா.

மூன்றாம்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது என் மகளும் பக்கத்தில் இருந்தாள். பன்னிரண்டு வயது. அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் கிராபிக்ஸ் டிராகன்கள்தான், ரப்பர் அரக்கன் என்ற பழைய நினைவே அவளுக்குக் கிடையாது. இறக்கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதை யாருப்பா செஞ்சது?" என்று கேட்டாள். அவள் பார்க்கும் புதுப் படங்கள் எதற்கும் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

மறுநாள் என் காலுறை ஒன்றைக் காணவில்லை. ஜன்னல் கம்பியில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பொத்தான் கண், அட்டை இறக்கை, வாய்க்குள் சிவப்புத் துணி. இழுத்துக் காட்டினாள். அறையின் குறுக்கே பறந்து வந்தது. இறக்கை அசையவில்லை.

"ஏம்மா, இறக்கை ஆடலையே?" என்றேன்.

"ஆடணும்னா இன்னும் ரெண்டு நூல் வேணும்பா. எங்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு."