கடல் ஏன் நீலமாக இருக்கிறது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வளர்ந்தவர்களிடம் குழந்தையின் வியப்பு திரும்ப வருமா, வராதா என்பது தலைப்பு. வரும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "நாலு வயதில் வாயைப் பிளந்து பார்த்தால் வியப்பு. நாற்பது வயதில் பார்த்தால் வேலைவெட்டி இல்லை என்று அர்த்தம்." கொண்டுவந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

வேலைவெட்டி இல்லையா? சர் சி.வி. ராமன் 1907-இல் எந்த வேலையில் சேர்ந்தார் தெரியுமா? அரசாங்க நிதித் துறையில், கணக்கு அதிகாரியாக! கல்கத்தாவில் ஆபீஸ் போவதற்கு முன்பும், ஆபீஸ் விட்ட பிறகும் ஆய்வுக்கூடத்தில் இருப்பார். பத்து வருடம் வேலையையும் பார்த்தார், வியப்பையும் விடவில்லை. அப்புறம்தான் பேராசிரியர் ஆனார்.

1921. ஐரோப்பாவுக்குப் போய்விட்டு நார்குண்டா என்ற கப்பலில் திரும்பி வருகிறார். மத்தியதரைக் கடல். சுற்றிலும் நீலம். கப்பலில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! எல்லார் கண்ணுக்கும் அதே கடல்தான். "ஆகா, அழகு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். ராமன் போகவில்லை. இது ஏன் நீலமாக இருக்கிறது?

கொஞ்சம் நிறுத்துகிறேன். இது யார் கேட்கிற கேள்வி? மூன்று வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வி! நாம் என்ன பதில் சொல்வோம்? "சும்மா வா." அவருக்கு வயது 32. சும்மா வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே இருந்தது, அதைச் சொன்னவரும் லேசுப்பட்டவர் இல்லை. 1904-இல் நோபல் பரிசு வாங்கிய ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு. வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்று அவர் சொல்லிவிட்டார். நாமாக இருந்தால் பெரியவர் சொன்னால் சரி என்று விட்டிருப்போம். ராமன் கையோடு வைத்திருந்த சின்ன நிக்கோல் பட்டகத்தை, அதாவது ஒளியை வடிகட்டும் ஒரு படிகத்தை, எடுத்தார். கடலின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்து வரும் வெளிச்சத்தை அதை வைத்துத் தடுத்தார். கடலில் தெரிந்த வானத்தின் பிரதிபலிப்பு போய்விட்டது. நீலம் போயிற்றா? போகவில்லை! இன்னும் நன்றாகத் தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதினார். அந்த வழியிலேயே போய் 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு: ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது ஒளியில் ஒரு சிறு பகுதியின் நிறமே மாறிவிடுகிறது என்ற கண்டுபிடிப்பு. 1930-இல் நோபல் பரிசு.

திரும்பச் சொல்கிறேன், எதிரணி நண்பர் கேட்கட்டும். 32 வயது. கப்பலின் மேல்தளம். குழந்தையின் கேள்வி. நோபல் பரிசு. இதுவா வேலைவெட்டி இல்லாத்தனம்?

சரி, எல்லாரும் ராமன் ஆக முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபது தாண்டியவர். கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. வயதானால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிவிடும், நீலத்தைச் சரியாக உள்ளே விடாது. கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்கே தெரியாது. கட்டைப் பிரித்த மறுநாள் அப்பா தன் பழைய சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "இது நீலமாப்பா? இத்தனை நாளா சாம்பல்னு நினைச்சுப் போட்டுட்டிருந்தேனே!" கண்ணில் தண்ணீர். மருந்து போட்டதால் வந்தது என்று சொன்னார். நான் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் என் மகளிடம் போய்க் கலர் பென்சில் கேட்டார். வாழ்க்கையில் அவர் படம் வரைந்து நான் பார்த்ததே இல்லை. தாத்தாவும் பேத்தியும் உட்கார்ந்து நீலங்களுக்குப் பெயர் வைத்தார்கள். மழைக்கு முந்தின நீலம். பேனா கசிந்த நீலம். கோபம் ஆறின நீலம். இந்தக் கடைசிப் பெயர் அப்பா வைத்தது. வீட்டில் அதிகம் பேசாத மனுஷன் அவர்.

எதிரணி நண்பரே, உங்களுக்கும் வீட்டில் ஒரு அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள். கலர் பென்சில் கேட்டு அவர்கள் வந்து நின்றால், வேலைவெட்டி இல்லையா என்று கேட்பீர்களா? மாட்டீர்கள். எடுத்துக் கொடுப்பீர்கள். அப்புறம் பக்கத்திலும் உட்காருவீர்கள். எனக்குத் தெரியும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.